சொகுசுக் கப்பலுக்கு முனையம் கட்டப் போகும் துறைமுக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய துறைமுக நிர்வாகத்தாருக்கும் நகர மன்றத்தாருக்கும்,

வணக்கம். சொகுசுக் கப்பல் ஒன்று உங்கள் துறைமுகத்திலிருந்து கிளம்பப் போகிறது என்ற பேச்சு வந்ததுமே புதிய முனையத்தின் வண்ணப்படம் மேசைக்கு வந்துவிடும். கண்ணாடிச் சுவர், பெரிய கூடம், பின்னால் வெள்ளைவெளேரென்று ஒரு கப்பல். அந்தப் படத்தை நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நான் 19 வருஷம் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். கப்பல் வந்ததையும் பார்த்திருக்கிறேன், வராமல் நின்றுபோனதையும் பார்த்திருக்கிறேன். வருவதைப் பற்றிச் சொல்ல உங்களைத் தேடி நிறையப் பேர் வருவார்கள். நின்றுபோவதைப் பற்றிச் சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கப்பல் தொட்டுப் போகிற துறைமுகம் வேறு, கப்பல் கிளம்புகிற துறைமுகம் வேறு. தொட்டுப் போகிற இடத்தில் பயணிகள் காலையில் இறங்கி, சுற்றிப் பார்த்து, சாயங்காலம் ஏறிவிடுவார்கள். பெட்டி படுக்கை எல்லாம் கப்பலிலேயே இருக்கும். கிளம்புகிற இடத்தில் மொத்தக் கப்பலும் ஒரே பகலில் காலியாகித் திரும்ப நிறைய வேண்டும். ஹோட்டல் அறை, டாக்சி, கார் நிறுத்துமிடம், சரக்கு வியாபாரம், சுமைக்கூலி எல்லாம் இந்த இரண்டாவதில்தான். அதனால்தான் எல்லா ஊரும் அதற்கு ஆசைப்படுகிறது. ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கப்பல் நிறுவனம் எந்தக் கணக்கை வைத்து வருகிறது என்று தெரியாமல் ஆசைப்படுவது ஆபத்து.

கப்பல் இப்படிக் காலியாகித் திரும்ப நிறையும் நாளை டர்ன்-அரவுண்ட் என்பார்கள். ஒன்றைக் கிட்டே நின்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். விடிகாலை 5 மணிக்கு, கப்பலைத் துறைக்குள் வழிகாட்டிக் கொண்டுவரும் துறைமுக பைலட் கப்பலில் ஏறுகிறார். ஆறரைக்குக் கயிறு கட்டி முடிகிறது. பயணிகளின் பெட்டிகளை முந்தின ராத்திரியே அறை வாசலிலிருந்து எடுத்துப்போய், நிறச்சீட்டுப் பார்த்து அடுக்கி வைத்திருப்பார்கள். அவை கூண்டு வண்டிகளில் இறங்கும். சுங்கமும் குடிவரவும் அனுமதி கொடுத்ததும் மூவாயிரம் பேர் இறங்கத் தொடங்குவார்கள். அதே நேரத்தில் இன்னொரு வாசல் வழியாக லாரிகள்: காய்கறி, முட்டை, இறைச்சி, பூ, மெத்தை உறை, குழாய் வாஷர் வரைக்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் பக்கவாட்டுக் கதவுக்குள் சரக்கு அடுக்கிய பேலட்டை நுழைக்கிற லாவகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கடல் பக்கம் எண்ணெய்ப் படகு ஒட்டி நின்று எரிபொருள் ஏற்றிக்கொண்டிருக்கும். குப்பை இறங்கும். ஒப்பந்தம் முடிந்த ஊழியர்கள் பெட்டியோடு இறங்க, புதிய ஊழியர்கள் மருத்துவச் சான்றிதழோடு ஏறுவார்கள். பதினொரு மணிக்கெல்லாம் அடுத்த மூவாயிரம் பேர் வரிசையில் நிற்பார்கள். நாலு, நாலரைக்குக் கப்பல் கிளம்பியாக வேண்டும்.

ஒரு நாள் காய்கறி ஏற்றி வந்த இரண்டு லாரிகள் துறைமுக வாசலிலேயே நின்றுவிட்டன. அனுமதிச் சீட்டில் ஒரு வண்டி எண் தப்பு. வாசலில் ஒரே மேசை, ஒரே அலுவலர், அவருக்குத் திருத்த அதிகாரம் இல்லை. திருத்தக்கூடியவர் அன்றைக்கு விடுமுறை. நான் அங்கும் இங்கும் ஓடி அதைச் சரிசெய்வதற்குள் கப்பல் 50 நிமிஷம் தாமதமாகிவிட்டது. கரையில் இருந்தவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் கப்பலின் தலைமை இன்ஜினியர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அந்த 50 நிமிஷத்தை ஈடுகட்ட ராத்திரி முழுக்க வேகம் கூட்டி ஓட்டியதில் கூடுதலாக எரிந்த எண்ணெய் அதில் டன் கணக்கில் எழுதியிருந்தது. அவர் கோபப்படவில்லை. "இது ஒவ்வொரு வாரமும் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது" என்று மட்டும் சொன்னார். ஒரு துறைமுகத்தை விட்டுப் போகும் முடிவு பெரிய சண்டையிலிருந்து வருவதில்லை. இந்த மாதிரித் தாள்கள் சேர்ந்து சேர்ந்து வருகிறது.

வேகத்தின் கணக்கு கொடுமையானது. கப்பலை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள ஏறத்தாழ எட்டு மடங்கு சக்தி வேண்டும். 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்) வேகத்திலிருந்து 21 நாட் வேகத்துக்குப் போவதற்கே சக்தி ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஆகவே பயணத் திட்டம் போடுபவர் வரைபடத்தைத் திறந்ததும் பார்ப்பது ஒன்றைத்தான்: சாயங்காலம் 5 மணிக்குக் கிளம்பி, நிதானமாக ஓடி, மறுநாள் காலை 8 மணிக்குப் பயணிகளை இறக்க ஏதாவது இடம் இருக்கிறதா? 15 மணி நேரம், 18 நாட் என்றால் 270 கடல்மைல். அந்த வட்டத்துக்குள் நல்ல இடம் ஒன்றிரண்டு இருந்தால் உங்களுக்கு யோகம். இல்லையென்றால் ஒரு நாள் முழுக்கக் கடலிலேயே போக வேண்டும். கடல் நாள் நிறுவனத்துக்கு நஷ்டம் இல்லை, கப்பலுக்குள் சூதாட்டக் கூடமும் கடைகளும் அன்றைக்குத்தான் நன்றாக ஓடும். ஆனால் ஏழு நாள் பயணத்தில் நாலு நாள் தண்ணீரையே பார்க்க யாரும் பணம் கட்ட மாட்டார்கள். மூன்று, நாலு நாள் பயணமென்றால் இன்னும் இறுக்கம்.

மயாமி உலகத்தின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல் துறைமுகங்களில் ஒன்றாக இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இந்த வட்டம்தான். பஹாமாஸ் தீவுகள் ஒரு ராத்திரி ஓட்டத்துக்குள் கிடக்கின்றன. 2024 நிதியாண்டில் அங்கே 82 லட்சம் பயணிகள் போய்வந்தார்கள். கடந்த சில வருஷங்களாக இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நிறுவனங்கள் தங்களுக்கென்றே தீவுகளை எடுத்துக் கட்டிவிட்டன. ராயல் கரீபியன் கோகோகே தீவைப் புதுப்பித்து 2019இல் திறந்தது. கார்னிவல் கிராண்ட் பஹாமாவில் செலிப்ரேஷன் கீ என்ற இடத்தை 2025 ஜூலையில் திறந்தது. அங்கே பயணி செலவழிக்கும் காசு வேறு கைக்குப் போகாது. அப்படியென்றால் கிளம்புகிற துறைமுகம் அந்தத் தீவுக்கு எவ்வளவு பக்கம் என்பதும் இப்போது தராசில் ஏறிவிட்டது. உங்களுக்கு முன் வைக்கப்பட்ட ஆலோசனை அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

இந்தக் கணக்கு தெரியாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டனின் பேபோர்ட் முனையம் சாட்சி. சுமார் 8 கோடி டாலர் செலவில் 2008 வாக்கில் கட்டி முடித்தார்கள். நிரந்தரமாகத் தங்க ஒரு கப்பலும் வராமல் வருஷக்கணக்கில் கிடந்தது. பிறகு ஊக்கத்தொகை கொடுத்து 2013இல் பிரின்சஸ் நிறுவனத்தையும், அதற்கடுத்த வருஷம் நார்வீஜியன் நிறுவனத்தையும் வரவழைத்தார்கள். 2016க்குள் இரண்டும் போய்விட்டன. முனையத்தில் குறை ஒன்றும் இல்லை. குறை அது இருந்த இடத்தில். அதே டெக்ஸஸ் மக்களுக்கு, அதே கடலுக்கு, கால்வெஸ்டன் துறைமுகம் கடல் வாயிலேயே இருக்கிறது. பேபோர்ட்டிலிருந்து கிளம்பினால் சரக்குக் கப்பல்கள் நெரியும் கால்வாயில் மணிக்கணக்காக ஊர்ந்து, கால்வெஸ்டனைக் கடந்துதான் கடலுக்கே போக முடியும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, ஒவ்வொரு வாரமும். 2022 நவம்பரில் ராயல் கரீபியன் 12.5 கோடி டாலர் போட்டுத் தன் முனையத்தைத் திறந்தது கால்வெஸ்டனில்.

உடனே யாராவது நியூ ஆர்லியன்ஸ் உதாரணத்தைச் சொல்வார்கள். சரிதான், அதுவும் கடலிலிருந்து மிசிசிப்பி ஆற்றில் வெகுதூரம் உள்ளே இருக்கிறது, ஆற்றைத் தாண்டவே பாதி ராத்திரி ஆகிவிடும். இருந்தும் கப்பல்கள் அங்கே நிற்கின்றன. ஏனென்றால் பயணத்துக்கு முன்னாலோ பின்னாலோ இரண்டு நாள் அந்த நகரத்தில் தங்க வேண்டும் என்றே ஆட்கள் டிக்கெட் எடுக்கிறார்கள். ஆற்றில் போகும் மணிநேரத்துக்கு ஊரே ஈடு கொடுக்கிறது. உங்கள் நகரத்துக்கு அந்த இழுப்பு இருக்கிறதா என்பதை நீங்கள்தான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஊர்ப்பாசத்தில் பதில் சொல்லிவிடாதீர்கள்.

இனி மொபைல் நகரத்தின் கதை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சின்னத் துறைமுகங்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. நகரமே கடன் வாங்கி 2004இல் முனையம் கட்டியது. கார்னிவல் நிறுவனம் கப்பலை வைத்தது. கப்பல் நன்றாகவே நிறைந்து ஓடியது. 2011இல், எரிபொருள் விலை ஏறிவிட்டது, இங்கே டிக்கெட் விலையை அதற்குத் தக்கபடி ஏற்ற முடியவில்லை என்று சொல்லி, கப்பலை நியூ ஆர்லியன்ஸுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இதைக் கவனியுங்கள்: கப்பல் காலியாக ஓடவில்லை. நிறைந்த கப்பலைத்தான் எடுத்துப் போனார்கள். அறை நிறைவது ஒன்று, அறைக்குக் கிடைக்கும் விலை இன்னொன்று. ஒரு கப்பல் உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் மிதக்கலாம் என்னும்போது, அது உங்களிடம் லாபம் தருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வேறு இடத்தில் இதைவிடக் கூடுதலாகத் தருமா என்றுதான் பார்ப்பார்கள்.

கப்பல் போய்விட்டது, முனையத்தின் கடன் நகரத்திடம் தங்கிவிட்டது. 2013 பிப்ரவரியில் கார்னிவல் ட்ரையம்ஃப் கப்பலில் இன்ஜின் அறை தீப்பிடித்து, 4,200 பேருக்கு மேல் சரியான மின்சாரமும் கழிப்பறை வசதியும் இல்லாமல் மெக்சிகோ வளைகுடாவில் நாள்கணக்கில் தவித்தார்கள். இழுவைப் படகுகள் அந்தக் கப்பலைக் கொண்டுவந்து சேர்த்தது மொபைலின் அந்தக் காலி முனையத்தில்தான். வழக்கமான கப்பல் இல்லாத அந்த ஊர்தான் அத்தனை பேரையும் அன்றைக்கு இறக்கிக்கொண்டது. 2016இல் கார்னிவல் திரும்பி வந்தது, கார்னிவல் ஃபேன்டசி என்ற பழைய கப்பலோடு. 2020இல் அந்தக் கப்பல் துருக்கியின் அலியாகாவுக்கு உடைக்கப் போனது. அதற்குப்பின் வந்த கார்னிவல் எக்ஸ்டசியும் 2022இல் அதே இடத்துக்கு உடைக்கத்தான் போனது.

சின்னத் துறைமுகத்துக்கு வருவது பெரும்பாலும் சின்ன, வயதான கப்பல். அது ஒன்றும் அவமானமில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து காரிலேயே வந்து ஏறும் பயணிகளை நம்பி ஓடும் பயணங்களுக்கு அந்த அளவுக் கப்பல்தான் பொருத்தம். கார்னிவல் பல சின்னத் துறைமுகங்களில் கப்பலைப் பரப்பி வைத்ததே இந்த யோசனையில்தான்: விமான டிக்கெட் செலவு இல்லையென்றால் குடும்பத்தோடு வருவார்கள். ஆனால் அந்த அளவுக் கப்பலை இப்போது அதிகம் கட்டுவதில்லை. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் போன ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன் அளவு, 365 மீட்டர் நீளம். இந்தப் பக்கம் போகிறது கப்பல் கட்டும் தொழில். எனவே உங்களுக்கு வரப்போகும் கப்பலின் பெயரைக் கேளுங்கள், அது எந்த வருஷம் கட்டியது என்று கேளுங்கள். உங்கள் கடன் 25 வருஷத்துக்கு, கப்பலின் மிச்ச ஆயுசு எட்டு வருஷம் என்றால், அதற்கப்புறம் வரக்கூடிய கப்பல் உங்கள் துறைக்குள் நுழைய முடியுமா என்று கேளுங்கள்.

நுழைய முடியுமா என்றால் ஆழத்தைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. சொகுசுக் கப்பலுக்கு ஆழம் அவ்வளவாகத் தேவையில்லை, தண்ணீருக்குள் அது இறங்கியிருப்பது எட்டொன்பது மீட்டர்தான். இடிப்பது தலை. தாம்பா துறைமுகத்துக்குப் போகிற வழியில் 1987இல் திறந்த சன்ஷைன் ஸ்கைவே பாலம், அடியில் சுமார் 55 மீட்டர் இடைவெளி. கட்டியபோது அது தாராளம். இன்றைக்கு ஃப்ளோரிடாவில் மற்ற துறைமுகங்களுக்குப் போகும் பெரிய கப்பல்கள் எதுவும் அதற்கடியில் போக முடியாது. வான்கூவருக்கு லயன்ஸ் கேட் பாலம், சுமார் 61 மீட்டர். 2009இல் பின்லாந்தில் கட்டி முடித்த ஒயாசிஸ் ஆஃப் த சீஸ் பால்டிக் கடலை விட்டு வெளியே வர டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. கப்பல் 72 மீட்டர் உயரம், பாலத்தின் அடி 65 மீட்டர். புகைபோக்கிகளைக் கீழே இறக்கிக்கொள்ளும்படி முதலிலேயே வடிவமைத்திருந்ததால் தப்பித்தது. அது ஒரே ஒரு தடவை வெளியே வருவதற்காக. வாராவாரம் ஒரு பாலத்துக்காகக் கப்பலை வடிவமைக்க மாட்டார்கள், வேறு துறைமுகம் பார்ப்பார்கள்.

பாலம் இன்னொரு விதத்திலும் கழுத்தைப் பிடிக்கும். 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் சரக்குக் கப்பல் மோதி விழுந்தது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். துறைமுகத்துக்கான வழி அடைபட்டது. கடலில் போயிருந்த கார்னிவல் லெஜெண்ட் திரும்பி வர முடியாமல் இன்னொரு துறைமுகமான நார்ஃபோக்கில் பயணிகளை இறக்கியது, அங்கிருந்து பஸ்ஸில் அழைத்து வந்தார்கள். வழி திறந்ததும் கப்பல் பால்டிமோருக்கே திரும்பியது, அது நல்ல விஷயம். ஆனால் ஒரே வாரத்தில் நார்ஃபோக் தயாராக இருந்தது என்பதையும் பாருங்கள். கப்பலுக்கு எப்போதும் ஒரு நார்ஃபோக் இருக்கும்.

உங்கள் கையில் இல்லாத காரணங்களுக்கு வருகிறேன். இவற்றை நீங்கள் தடுக்க முடியாது, ஆனால் கடனின் அளவைத் தீர்மானிக்கும்போது மனதில் வைக்க முடியும். அமெரிக்காவில் 1886இல் போட்ட ஒரு சட்டம் உண்டு: வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்துக்கும் அமெரிக்கத் துறைமுகத்துக்கும் இடையே பயணிகளை ஏற்றிப் போகக் கூடாது, கிளம்பிய இடத்துக்கே திரும்புவதாக இருந்தாலும் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடியில்தான் ஓடுகின்றன. இதனால் அலாஸ்கா பயணங்கள் பல வருஷம் கனடாவின் வான்கூவரிலிருந்தே கிளம்பின. பிறகு கப்பல்களின் வேகம் கூடியது. சியாட்டிலிலிருந்தே ஏழு நாளில் அலாஸ்கா போய்த் திரும்பலாம், கடைசி ராத்திரி கனடாவின் விக்டோரியாவைச் சில மணி நேரம் தொட்டால் சட்டத்துக்குப் போதும் என்றாயிற்று. 2000 வாக்கில் சியாட்டில் எழுந்தது. அமெரிக்கப் பயணிக்கு உள்நாட்டு விமானம் மலிவு, எல்லை தாண்டும் தொல்லை முதல் நாளிலேயே இல்லை. வான்கூவர் ஒன்றும் தப்பு செய்யவில்லை. அதன் பலம் என்று நினைத்திருந்தது ஒரு சட்டத்தின் நிழல்தான், கப்பல் வேகமானதும் நிழல் நகர்ந்துவிட்டது. 2021இல் கொரோனாவுக்காகக் கனடா கதவை மூடியபோது அமெரிக்க நாடாளுமன்றம் அந்த வெளிநாட்டுத் தொடலையே தற்காலிகமாக நீக்கிச் சட்டம் போட்டது. அந்த வருஷம் விக்டோரியாவுக்கு ஒரு கப்பலும் வரவில்லை.

சீனச் சந்தைக்கென்றே கட்டி 2017இல் ஷாங்காய்ப் பக்கம் போன நார்வீஜியன் ஜாய் கப்பலை 2019இல் அலாஸ்காவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பயணத் திட்டங்களிலிருந்து காணாமல் போய், அதை மையமாக வைத்து பால்டிக் கரையிலிருந்து கிளம்பிய பயணங்களின் கவர்ச்சியே குறைந்தது. செங்கடலில் ஏமன் கரையோரம் கப்பல்கள் தாக்கப்பட்டதால் விர்ஜின் வாயேஜஸ் 2024-25 ஆஸ்திரேலியப் பருவத்தையே ரத்து செய்தது. ஏமன் கரைக்கும் மெல்போர்ன் முனையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், கப்பல் அந்த வழியாகத்தான் வர வேண்டும் என்பதுதான் சம்பந்தம்.

கட்டணத்தைப் பற்றி இரண்டு பக்கமும் பேச வேண்டும். 2006இல் அலாஸ்கா மக்கள் வாக்கெடுப்பில் பயணிக்கு ஏறத்தாழ 50 டாலர் வரி கொண்டுவந்தார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2010 பருவத்துக்குக் கப்பல்களைக் குறைத்தன, அதே வருஷம் மாநிலம் வரியை 34.50 டாலராக இறக்கியது. இதைக் காட்டி உங்களிடம் "கட்டணத்தைத் தொடாதீர்கள்" என்பார்கள். ஆனால் அலாஸ்கா வரியை நீக்கிவிடவில்லை, குறைத்து வைத்துக்கொண்டது. பனிமலைகளை வேறு இடத்துக்கு எடுத்துப் போக முடியாது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். கிளம்புகிற துறைமுகத்துக்கு அந்தப் பலம் பெரும்பாலும் இருக்காது. அதற்காகக் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அடுத்த துறைமுகத்தோடு போட்டி போடாதீர்கள். கட்டணத்துக்காக மட்டும் வந்த கப்பல் கட்டணத்துக்காகவே போகும். திடீரென்று ஏற்றுவதும் வேண்டாம். பயணச் சீட்டுகள் ஒன்றரை, இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே விற்பனைக்கு வந்துவிடுகின்றன. விற்ற சீட்டுக்கு மேல் கட்டணம் ஏறினால் அந்தப் பணம் நிறுவனத்தின் கையிலிருந்து போகிறது, அடுத்த திட்டத்தில் உங்கள் பெயர் இருக்காது.

பொதுப்பணத்தில் கட்டுவதற்கே ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தின் லிவர்பூல், தொட்டுப் போகிற கப்பல்களுக்கென்று மானியம் வாங்கி 2007இல் முனையம் கட்டியது. பிறகு பயணங்கள் அங்கிருந்தே கிளம்பட்டும் என்று விரும்பியபோது சவுத்தாம்ப்டன் எதிர்த்தது: நாங்கள் சொந்தப் பணத்தில் கட்டியிருக்கிறோம், இவர்கள் அரசுப் பணத்தில் போட்டி போடுகிறார்கள் என்று. கடைசியில் 88 லட்சம் பவுண்டைத் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டுதான் 2012இல் லிவர்பூல் அனுமதி வாங்கியது. மானியத்தின் நிபந்தனைகளை உங்கள் வழக்கறிஞர் மறுபடி ஒரு முறை படிக்கட்டும்.

எல்லா நேரமும் கப்பல்தான் துறைமுகத்தை விடுகிறது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகம் கார்னிவலோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தானே முடிவெடுத்து 2024 கடைசியில் விடைகொடுத்தது. நகரத்தின் நடுவே இருந்த அந்தக் கரையை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். வெனிஸில் 2019 ஜூனில் எம்எஸ்சி ஓப்பரா கட்டுப்பாடிழந்து கரையிலும் ஆற்றுப்படகிலும் மோதியது. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுடெக்கா கால்வாயில் வரக் கூடாது என்று இத்தாலி தடை போட்டது. கப்பல்கள் மார்கேரா, ட்ரியெஸ்தே, ராவென்னா என்று பிரிந்து போயின. வேண்டாம் என்று சொல்லவும் ஒரு ஊருக்கு உரிமை உண்டு. அதை முனையம் கட்டிய பிறகு சொல்வதைவிட முன்னாலேயே சொல்வது செலவு குறைவு.

சரி, நான் கேட்பது என்ன? கப்பலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கப்பல் வரும் நாளின் சந்தோஷம் எனக்குத் தெரியும். ஒப்பந்தத்தில் குறைந்தபட்சப் பயணிகள் எண்ணிக்கைக்கு உத்தரவாதம் கேளுங்கள்: அவ்வளவு பேர் வராவிட்டாலும் அத்தனை பேருக்கான கட்டணம் கட்ட வேண்டும் என்று. பெரிய துறைமுகங்கள் இதை வழக்கமாகக் கேட்கின்றன, நிறுவனங்களும் கொடுக்கின்றன. அதற்குப் பதிலாக அவர்கள் முன்னுரிமைப் படகுத்துறையும் குறைந்த கட்டணமும் கேட்பார்கள், அது நியாயமான பேரம். உத்தரவாதத்தின் காலமும் உங்கள் கடனின் காலமும் ஒன்றாக இருக்கட்டும். நிறுவனமே பணம் போட்டுக் கட்ட முன்வந்தால் அதைவிட நல்ல செய்தி இல்லை, தன் காசைக் கரையில் கொட்டியவர் சீக்கிரம் போகமாட்டார். முன்வரவில்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். கூடத்தைக் கப்பலில்லாத நாள்களில் வேறு எதற்காவது திறக்கும்படி கட்டுங்கள். வாசலில் இரண்டாவது மேசை போடுங்கள், திருத்தும் அதிகாரத்தோடு. சுங்கத்தோடும் குடிவரவோடும் கட்டடம் வரைவதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுங்கள், எத்தனை அலுவலரைத் தருவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். கப்பல் ஊழியர்களுக்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல அறை, இணையம், வீட்டுக்குப் பணம் அனுப்ப வசதி செய்துகொடுங்கள். மாதக்கணக்கில் கடலில் இருப்பவர்கள் அவர்கள், இரண்டு மணி நேரம்தான் கரையில் கிடைக்கிறது. எந்தத் துறைமுகம் நல்லது என்று கேப்டன் முதல் சமையல்காரர் வரை பேசிக்கொள்வார்கள்.

அப்புறம், கரையில் இருப்பவர்கள். நான் வேலை பார்த்த துறைமுகத்தில் கப்பல் நின்றுபோகிறது என்ற கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. நிர்வாகத்துக்கு அது முன்னமே தெரியும். அடுத்த பருவத்தின் பயண அட்டவணையில் எங்கள் பெயர் இல்லாததைப் பார்த்தவர்களுக்கும் தெரியும். சுமைதூக்கும் ஆட்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வேலையை நம்பிப் புதுத் தள்ளுவண்டி வாங்கியவர் ஒருவர், கப்பல் நாளுக்கென்றே வேன் கடன் எடுத்தவர் ஒருவர். கடைசிக் கப்பல் கிளம்பின சாயங்காலம் பெட்டிகளை எல்லாம் ஏற்றி முடித்துவிட்டு, வழக்கம்போல் அவர்களில் மூத்தவர் என்னிடம் வந்து, "அடுத்த வாரம் எத்தனை மணிக்கு வரச் சொல்றீங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. ஆனால் அங்கே நின்றவன் நான் ஒருவன்தான், அதனால் நானே சொன்னேன்.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். நிறுவனம் விலகுவதானால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கும். அந்த அறிவிப்பு வந்த ஏழு நாளுக்குள் துறைமுகத் தொழிலாளர்கள், வண்டிக்காரர்கள், சரக்கு வியாபாரிகள் எல்லோருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் விதிகளில் சேர்த்துவிடுங்கள். வரைவைக் கையெழுத்துக்கு முன் ஒரு மாதம் எல்லோரும் படிக்கும்படி வையுங்கள். என் போன்றவர்கள் படித்துக் குறை நிறை எழுதித் தருகிறோம், அதற்குக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கப்பல் முகவர் அலுவலகத்தில் 19 வருஷம் வேலை பார்த்த ஒருவன்